கொரகொர சத்தம் இருக்கட்டும், சரி பண்ணாதீங்க

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க இணைப்புல பழைய ராக் ஆல்பங்களைப் பத்தி வந்த கட்டுரையைப் படிச்சேன். நம்ம ஊர் பேப்பர்ல இந்த மாதிரி விஷயம் வர்றதே அபூர்வம், அதுக்கு மொதல்ல நன்றி. ஆனா அதுல ஒரு எடத்துல, மேடைக் கச்சேரியை அப்படியே பதிவு பண்ணிப் போடுற லைவ் ஆல்பம்ங்கிறது ரசிகர்களுக்கு ஒரு ஞாபகார்த்தம் மட்டும்தான், கூட்டத்து இரைச்சலும் பிசிறும் கலந்துதான் இருக்கும், பாட்டை ஒழுங்கா கேக்கணும்னா ஸ்டூடியோ ரெக்கார்டிங்தான் கேக்கணும்னு எழுதியிருந்தாங்க. இதை என்னால ஒத்துக்க முடியல. படிச்சுட்டு சும்மா இருக்கவும் முடியல, ஏன்னா இதே பேச்சை இப்ப நம்ம பக்கத்துல கோயில் மேளத்தைப் பத்தியும் பேச ஆரம்பிச்சுட்டாங்க. அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன். முழுசும் போட எடம் இல்லைன்னாலும் கடைசியில கேட்டிருக்கிறதை மட்டுமாவது போடுங்க.

நான் மயிலாடுதுறை மாவட்டத்துக் குத்தாலம் பக்கம் மைக் செட் தொழில் பண்றவன். எங்க அப்பா குழாய் ஸ்பீக்கரும் ரெக்கார்டு பிளேயரும் வச்சு ஆரம்பிச்சது, இப்ப பாக்ஸ், மிக்ஸர், ஜெனரேட்டர்னு வளர்ந்துருக்கு. கல்யாணம், காதுகுத்து, திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாத்துக்கும் போறோம். ரசிகனா பாதி, தொழில்காரனா பாதி பேசுறேன்.

அந்தக் கட்டுரையில பேரு மட்டும் சொல்லிட்டுத் தாண்டிப் போன ஆல்பம் ஒண்ணு இருக்கு, தி ஹூங்கிற இங்கிலாந்து குழுவோட லைவ் அட் லீட்ஸ். உலகத்துலயே சிறந்த லைவ் ராக் ஆல்பம் எதுன்னு கேட்டா நெறைய பேரு மொதல்ல சொல்றது இதைத்தான். எனக்கு இது வந்து சேர்ந்தது கூத்தாநல்லூர்ல ஒரு பாய் வீட்டுக் கல்யாணத்துக்கு செட் போடப் போனப்ப, சிங்கப்பூர்லேர்ந்து வந்திருந்த அவங்க மாப்பிள்ளை ஸ்பீக்கரை டெஸ்ட் பண்ண இந்த கேசட்டைக் கொடுத்தாரு. பாட்டோட வரி பாதி புரியல. ஆனா ஸ்பீக்கர் முன்னாடி நின்ன எங்க பசங்க ஒருத்தனும் நகரல, சமையல்கட்டுலேர்ந்து ஆள் வந்து என்னப்பா சண்டையான்னு எட்டிப் பார்த்துட்டுப் போனாங்க.

இந்த ஆல்பத்தோட கதையைக் கேட்டா நான் எதுக்கு இவ்வளவு சொல்றேன்னு புரியும். 1969ல இவங்க டாமின்னு ஒரு ரெண்டு தட்டு ஆல்பம் போட்டு பெரிய பேரு வாங்கிட்டாங்க. அதை வச்சு அமெரிக்கா முழுக்க கச்சேரி பண்ணுனாங்க, அத்தனையும் டேப்புல பதிவும் பண்ணுனாங்க. ஊருக்கு வந்து பார்த்தா டேப்பு மலை மாதிரி கெடக்கு, அதை எல்லாம் உக்காந்து கேட்டு நல்லதைப் பொறுக்க கிட்டார்காரர் பீட் டவுன்ஷெண்டுக்குப் பொறுமை இல்ல, கொளுத்திப் போடுங்கன்னு சொல்லிட்டாரு. (இதை மொதல்ல கேட்டப்ப எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு, டேப்பைக் கொளுத்துறதா!) அப்புறம் புதுசா ரெண்டே ரெண்டு எடத்துல கச்சேரி வச்சுப் பதிவு பண்ணலாம்னு முடிவு பண்ணி, 1970 பிப்ரவரி 14 சனிக்கிழமை லீட்ஸ் பல்கலைக்கழகம், மறுநாள் ஹல் ஊர்ல சிட்டி ஹால்னு போனாங்க.

லீட்ஸ்ல கச்சேரி நடந்த எடம் என்ன தெரியுமா, மாணவர்கள் சாப்பிடுற கூடம். நம்ம காலேஜ் மெஸ் மாதிரி. பெரிய சங்கீத மண்டபம் இல்ல, ஒலிக்குன்னு கட்டுன சுவர் இல்ல. பதிவு சாமானை அங்கேயே கொண்டு போய் ஒயர் இழுத்து பதிவு பண்ணுனாங்க, நாங்க ஊர் ஊரா பண்றதும் அதேதான். மறுநாள் ஹல்ல கச்சேரி இன்னும் நல்லா இருந்துச்சுன்னு ஒரு பேச்சு உண்டு, ஆனா அங்க சில பாட்டுக்கு, கனமான கீழ்ச்சத்தம் கொடுக்கிற பேஸ் கிட்டார் டேப்புல ஏறவே இல்ல. செட் போடுறவனுக்குத்தான் இந்த வலி தெரியும், ராத்திரி பூரா எல்லாம் ஓடுதுன்னு நம்பி நின்னுட்டு காலையில போட்டுப் பார்த்தா ஒரு லைன் ஊமை. அதனால லீட்ஸ் ராத்திரிதான் ஆல்பம் ஆச்சு. ரொம்ப வருஷம் கழிச்சு, 2010ல, லீட்ஸ் பதிவோட பேஸை எடுத்து ஹல் பதிவுல விட்டுப்போன எடத்துல சேர்த்து அதையும் வெளியிட்டாங்க.

1970 மே மாசம் ஆல்பம் வந்தப்ப அட்டையைப் பார்த்தவங்க திருட்டு ரெக்கார்டுன்னுதான் நினைச்சிருப்பாங்க. பளபளன்னு படம் கெடையாது, பழுப்பு அட்டை, அதுல ரப்பர் ஸ்டாம்ப் குத்துன மாதிரி பேரு. அப்ப கச்சேரியில ஒளிச்சு வச்சுப் பதிவு பண்ணுன திருட்டு ரெக்கார்டுங்க நடமாட ஆரம்பிச்ச நேரம், அதே மாதிரி வேணும்னே செஞ்சாங்க. தட்டுக்கு நடுவுல ஒட்டியிருக்கிற லேபிள்ல கையால ஒரு வரி எழுதியிருக்கும், கொரகொர சத்தம் பரவாயில்ல, சரி பண்ணாதீங்கங்கிற அர்த்தத்துல. டேப்புலயே அங்கங்க டிக் டிக்னு வெடிப்பு விழுந்திருந்துச்சு. தட்டு அச்சடிக்கிற ஃபேக்டரிக்காரன் அதைப் பார்த்துட்டு திருப்பி அனுப்பிடக் கூடாது, வாங்குறவன் ஊசி கெட்டுப்போச்சுன்னு நினைச்சுடக் கூடாதுன்னு எழுதினது. ஒயர் கொரகொரன்னா எனக்குக் கோவம் வரும், ஜாயிண்ட்டைப் பத்த வைக்காம என்னடா பண்றேன்னு பசங்களைத் திட்டுவேன். ஆனா அந்த ராத்திரி போயிடுச்சு, திரும்ப வராது, அதைத் துடைக்கப் போய் பக்கத்துல இருக்கிறதும் சேர்ந்து போயிடும்னா அந்தக் கொரகொரப்பு இருந்துட்டுப் போகட்டும்னு அவங்க எடுத்த முடிவை நான் தலைக்கு மேல தூக்கி வச்சுக் கொண்டாடுறேன்.

நியாயத்துக்கு இன்னொண்ணும் சொல்லணும். பின்குரல் சரியா ஏறலைன்னு அதை மட்டும் அப்புறமா ஸ்டூடியோவுல பாடிச் சேர்த்தாங்க. 1995ல சிடி வந்தப்ப ஆறு பாட்டு பதினாலு பாட்டாச்சு, கொரகொரப்பை கம்ப்யூட்டர்ல எடுத்துட்டு லேபிள்லயும் சரி பண்ணியாச்சுன்னு மாத்திப் போட்டாங்க. 2001ல டாமி பாட்டுகளோட அந்தக் கச்சேரியை ரெண்டு சிடியா கொண்டு வந்தாங்க. ராத்திரி பூரா கேக்கக் கெடைச்சது பெரிய வரம்தான், ஆனா வேகத்துக்கு இன்னைக்கும் அந்தப் பழைய ஆறு பாட்டுத் தட்டுதான். மூச்சு விட நேரம் கொடுக்காது.

மொதப் பாட்டையே எடுத்துக்குங்க, யங் மேன் ப்ளூஸ். இது மோஸ் அலிசன்னு ஒரு அமெரிக்க பியானோக்காரர் 1957ல போட்டது, ரொம்பச் சின்னதா, அலட்டிக்காம பாடிட்டுப் போயிடுவாரு. லீட்ஸ்ல இவங்க அதை என்ன பண்றாங்கன்னா, பாடகர் ரோஜர் டால்ட்ரி ஒரு வரி தனியா பாடுறாரு, அப்ப வாத்தியம் ஒண்ணு கூட இல்ல. வரி முடிஞ்ச அடுத்த நொடி மூணு பேரும் ஒண்ணா விழறாங்க. உடனே நிறுத்தம். மறுபடி தனி வரி, மறுபடி விழுறது. அந்த நிறுத்தத்துல காதை வச்சுக் கேளுங்க, நல்ல ஹெட்போன்ல கேளுங்க, ஆம்ப்ளிஃபயரோட உம்ங்கிற ஹம் சத்தம் கேக்கும், கூடம் எவ்வளவு பெருசுன்னு காதுக்குத் தெரியும், யாரோ ஒருத்தர் கத்துறது கேக்கும். அந்த ஹம் இருக்கிறதாலதான் அடுத்த அடி விழும்போது நெஞ்சுல விழுது. அதே எடத்தை ஸ்டூடியோவுல சுத்தமா பூஜ்ஜியம் சத்தமா வச்சிருந்தா அது வெறும் இடைவெளி, அவ்வளவுதான்.

நாலு பேருல வாத்தியம் வாசிக்கிறது மூணே பேருன்னா நம்ப முடியாது. கீத் மூன் டிரம்ஸ் தாளம் போட்டுக் கொடுத்துட்டுப் பின்னாடி உக்காந்திருக்கிற ஆள் இல்ல, பாடகர் ஒரு சொல்லு சொன்னா அதுக்கு பதில் சொல்ற ஆள். வழக்கமா டிரம்ஸ்காரங்க நேரத்தைப் பிடிச்சு வைக்க கால்ல மிதிக்கிற ஹைஹேட்ங்கிற ஜோடித் தட்டை அவர் பெரும்பாலும் சீண்டவே மாட்டாரு, ரெண்டு பெரிய டிரம்மை வச்சுக்கிட்டு உருட்டிக்கிட்டே இருப்பாரு. பேஸ் கிட்டார் ஜான் என்ட்விசில், ஆடாம அசையாம நின்ன எடத்துல நின்னு, பேஸை அடித்தளமா வைக்காம முன்வாத்தியமா வாசிப்பாரு. டவுன்ஷெண்ட் கையைக் காத்தாடி மாதிரி சுத்தி கம்பியில அறைவாரு. டால்ட்ரி மைக்கை ஒயரோட பிடிச்சு சுழட்டுவாரு, அதைப் பார்த்தா எந்த மைக் செட்காரனுக்கும் உசிரு போகும். இவங்க நாலு பேருக்கும் யார் தாளத்தைப் பிடிக்கிறாங்கன்னே தெரியாது, ஆனா பிசகாது, பிசகுற மாதிரி போய் கடைசி நொடியில வந்து சேருவாங்க.

மை ஜெனரேஷன் பாட்டு 1965ல ஸ்டூடியோவுல வந்தப்ப மூணு நிமிஷ சொச்சம். லீட்ஸ்ல பதினாலு நிமிஷத்துக்கு மேல போகுது. பாட்டு முடிஞ்ச மாதிரி இருக்கும், அப்புறம் டாமி ஆல்பத்துத் துண்டுங்க உள்ள வரும், திடீர்னு எல்லாம் அடங்கி கிட்டார் மட்டும் நிக்கும். அங்க டவுன்ஷெண்ட் ஒரு சின்ன அடி அடிச்சுட்டு விடுறாரு, அது கூடத்தோட பின் சுவர்ல மோதித் திரும்பி வர்ற மாதிரி எனக்குக் கேக்குது, அந்தத் திரும்பி வர்ற சத்தத்துக்கு மேல அடுத்த அடி. சாப்பாட்டுக் கூடமே குழுவுல அஞ்சாவது ஆளா ஆயிடுது. இதை எந்த ஸ்டூடியோ கொடுக்கும்னு கட்டுரை எழுதினவங்க சொல்லட்டும்.

இந்த ஒரு ஆல்பம் மட்டும் இல்ல. டீப் பர்ப்பிள் குழு 1972 ஆகஸ்ட் 15, 16 ஒசாகாவுலயும் 17 டோக்கியோவுலயும் வாசிச்சதை மேட் இன் ஜப்பான்னு போட்டாங்க. குழுவுக்கே அதுல பெரிய ஆர்வம் இல்ல, ஜப்பானுக்கு மட்டும்னுதான் ஒத்துக்கிட்டாங்க, கடைசியில உலகம் பூரா அதைத்தான் கேக்குது. ஸ்டூடியோவுல நாலரை நிமிஷமா இருந்த ஸ்பேஸ் டிரக்கின் அதுல ஒரு தட்டோட ஒரு பக்கம் முழுக்க போகும். அந்த ஆல்பத்துல மேடையிலேர்ந்து சவுண்டுக்காரரைப் பார்த்து, எல்லாத்தையும் எல்லாத்தையும் விட சத்தமா வைக்க முடியுமான்னு கேக்குறது வரும். அதையும் வெட்டாம விட்டிருக்காங்க. எங்க கிட்ட தினமும் மேடையில கேக்குறது இதைத்தான் ஐயா.

இப்ப நம்ம ஊருக்கு வர்றேன். நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடி ராகம் வாசிச்ச கதையை எங்க பக்கத்துப் பெரியவங்க கிட்ட கேட்டா ராத்திரி பூரா சொல்லுவாங்க, மணிக்கணக்கா வாசிப்பாராம், கூட்டம் கலையாதாம். அவரோட கொலம்பியா இசைத்தட்டும் இருக்கு, கேட்டா இன்னைக்கும் மயிர் கூச்செறியும். ஆனா அந்தக் காலத் தட்டுல ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷ சொச்சம்தான் பிடிக்கும். 1956ல அவர் போயிட்டாரு. வீதியில சாமி நிக்க, எதிர்ல அவர் நிக்க, விடிய விடிய ஊதின தோடியில எவ்வளவு பதிவாகி நம்ம கைக்கு வந்திருக்குன்னு யோசிச்சா மனசு தாங்கல. நாச்சியார்கோயில் ராகவப் பிள்ளை தவிலு, நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தவிலு, இதெல்லாம் வீதியில வாசிச்சதை, கேட்டவங்க வாயால கேட்டதுதான் நம்ம தலைமுறைக்கு. அந்தக் காலத்துல சாமான் இல்ல, புரியுது. இப்ப சாமான் இருக்கு, ஒரு கையில அடங்குற ரெக்கார்டர்ல லீட்ஸ்ல அவ்வளவு பெரிய சாமானை வச்சு எடுத்ததை எடுத்துடலாம். ஆனா என்ன நடக்குது?

பாதிப்பேர் மேளத்தை ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. தவில் வித்வான் காதுல ஹெட்போனை மாட்டி உள்ள டிக் டிக்னு ஒரே அளவா தாளம் ஓட விட்டு அதுக்குள்ள வாசிக்கச் சொல்றாங்க. சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரி அப்படி வாசிக்கிற சமாச்சாரமா? சாமி கோபுரவாசலைத் தாண்டும்போது கம்பீரநாட்டை ராகத்துல மல்லாரி எடுத்து, காலம் மாறி மாறிப் போய், தூக்குறவங்க தோளு, தீவட்டி, கூட்டத்தோட நடை எல்லாம் அதுல சேர்ந்து ஒரு மயிரிழை வேகம் கூடும், அந்தக் கூடுறதுதான் உயிரு. நாயனத்தை, அதாவது நாதஸ்வரத்தைத் தனியா ஒரு நாளு, தவிலைத் தனியா ஒரு நாளு எடுத்து அப்புறம் ஒட்டுறாங்க. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காம மேளம் எப்படிங்க? மேல எக்கோ வேற, கீபோர்டு வேற.

எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு ஊர்ல கோயில் கமிட்டி நல்ல மனசோட திருவிழா மேளத்தை வீதியிலேயே பதிவு பண்ணுனாங்க. நானும் கூட இருந்தேன். தெற்கு வீதி முனையில ரெண்டு தவிலும் மாத்தி மாத்தி வாசிச்சது இன்னும் கண்ணுல நிக்குது. தவிலோட வலது முகமான வலந்தலையில கூடு போட்ட விரல் படபடன்னு விழ, இடது முகமான தொப்பியில கழி இறங்க, ஒருத்தர் விட்ட எடத்துல அடுத்தவர் எடுக்க, நடுவுல நாயனக்காரர் வாயில வச்சு ஊதுற சீவாளியை மாத்திட்டு பீப்னு ஒரு ஊது ஊதிப் பார்த்துக்கிட்டாரு, கயித்துல தொங்குற சீவாளிங்க வாத்தியத்து மேல படுற சின்ன சத்தம் கூட அந்த டேப்புல இருந்துச்சு. ஒரு பெரியவர் சபாஷ்னு கத்தினதும் தவில்காரர் சிரிச்சுட்டு அடுத்த சுத்தை இன்னும் இறுக்கிப் பிடிச்சாரு. அது அவ்வளவும் பதிவாச்சு. அப்புறம் அதை ஒரு ஸ்டூடியோவுல கொடுத்து சுத்தம் பண்ணச் சொன்னாங்க. சுத்தம் பண்ணி வந்ததுல மணிச்சத்தம் இல்ல, சபாஷ் இல்ல, சீவாளி பார்த்த பீப் இல்ல. தவிலோட முதல் அடி, அந்த வெட்டு, அதையும் இரைச்சல்னு நினைச்சு மழுக்கிட்டாங்க. எக்கோ ஏத்துனதுல கெணத்துக்குள்ள உக்காந்து வாசிச்ச மாதிரி ஆச்சு. ஒரிஜினலை யாரும் வச்சுக்கல, மெமரி கார்டை அழிச்சு அடுத்த விசேஷத்துக்கு உபயோகிச்சுட்டாங்க. டவுன்ஷெண்ட் டேப்பைக் கொளுத்துனாரு சரி, அவர் திரும்பப் போய் வாசிக்க முடிஞ்சுது. அந்த நாயனக்காரர் இப்ப இல்ல.

மீதிப்பேர் செல்போன்ல எடுக்குறாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன், ஆசையிலதான் எடுக்குறாங்க. ஆனா போன்ல ஒரு விஷயம் இருக்கு, சத்தம் ஜாஸ்தியானா அதுவா அளவைக் குறைச்சுடும். தவில்ல ஒரு பெரிய அடி விழுந்தா அந்த நொடி நாயனமும் சேர்ந்து அமுங்கி, அப்புறம் மெல்ல மேல வரும். திரும்ப அடி, திரும்ப அமுங்கும். கேக்குறவனுக்கு மேளம் மூச்சு வாங்குற மாதிரி இருக்கும். இதைக் கேட்டு வளர்ற புள்ளைங்க மேளம்னா இவ்வளவுதான்னு நினைச்சுக்கிட்டா யார் பொறுப்பு?

நேரடியா, பிசிறோட கேக்குறது நமக்குப் புதுசும் இல்ல. வருஷா வருஷம் மார்கழி, தை வாக்குல திருவையாத்துல காவிரிக்கரையில பஞ்சரத்ன கீர்த்தனை பாடும்போது வானொலியில நேரடியா ஒலிபரப்புறாங்க. நூத்துக்கணக்கான பேர் உக்காந்து சேர்ந்து பாடுறப்ப ஒரு பக்கம் ஒரு இம்மி முன்னாடி போகும், ஒரு பக்கம் பின்னாடி இழுக்கும், யாரோ இருமுவாங்க. அதை வீட்டுல ரேடியோ பக்கத்துல உக்காந்து கேட்ட எவரும் இதைச் சுத்தம் பண்ணிக் கொடுங்கன்னு கேட்டதில்ல. நானே அங்க உக்காந்திருக்கேன்னு தோணும், அதுக்காகத்தான் கேக்குறது.

தொழில்காரனா ஒரு வழி சொல்றேன், செலவு அதிகம் இல்ல. வீதியில மேளத்தைப் பதிவு பண்ண வாத்தியத்துக்கு வாத்தியம் மைக் சொருக வேண்டாம். நாயனமும் தவிலும் மைக் கேக்காத வாத்தியம், காவிரிக்கு அந்தக் கரையில கேக்கும். நல்ல ஸ்டீரியோ ரெக்கார்டர் ஒண்ணு, மேல காத்துக்கு பஞ்சு உறை, ஒரு கம்புல ஆள் ஒசரத்துக்கு மேல பிடிச்சுக்கிட்டு ஒரு ஆள் மேளத்துக்கு பத்து பன்னிரண்டு அடி தள்ளி கூடவே நடந்தா போதும். ஜெனரேட்டர் வண்டி பக்கம் மட்டும் போகக் கூடாது. அளவை ஆட்டோவுல விடாம கையால வைக்கணும், தவிலோட பெரிய அடி மீட்டர் உச்சத்துக்கு 12 டெசிபலாவது கீழ நிக்கிற மாதிரி வைங்க, சத்தம் கம்மியா பதியுதேன்னு பயப்பட வேண்டாம், 24 பிட்ல எடுத்தா பின்னாடி ஏத்திக்கலாம். வேவ் ஃபைலா வைங்க. எக்கோ வேண்டாம், இரைச்சல் எடுக்கிற சாஃப்ட்வேர் வேண்டாம். நின்னு வாசிக்கிற முனையில சுவருக்கு ரொம்பக் கிட்ட நிக்காதீங்க, ஆனா சுவர் சத்தம் கொஞ்சம் வரட்டும். முன்ன ஓட்டு வீடும் திண்ணையுமா இருந்த வீதியில மேளச் சத்தம் ஒரு மாதிரி நின்னு போகும், இப்ப ரெண்டு பக்கமும் கான்கிரீட்டு, சத்தம் சுள்ளுன்னு திரும்புது. அதுவும் பதியட்டும், இந்தக் காலத்து வீதி இப்படித்தான் இருந்துச்சுன்னு பின்னாடி வர்றவங்களுக்குத் தெரியணும்ல.

எடுத்ததுல மூலத்தை ஒருத்தரும் தொடக் கூடாது, ரெண்டு காப்பி ரெண்டு எடத்துல இருக்கணும். வேணும்னா வேற காப்பியில வேலை பண்ணிக்கலாம். இதுக்கு வழி பண்ண நம்ம பக்கத்துலயே ஆளு இருக்கு, திருவையாறு அரசு இசைக் கல்லூரி இருக்கு, தஞ்சாவூர்ல தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கு, திருச்சி வானொலி இருக்கு. நாதஸ்வரம் செய்யற நரசிங்கம்பேட்டைக்கு 2022ல புவிசார் குறியீடு கெடைச்சப்ப எவ்வளவு சந்தோஷப்பட்டோம், அந்த வாத்தியம் வீதியில ஊதுற சத்தத்தை வச்சுக்காம வாத்தியத்துக்கு மட்டும் பட்டம் வாங்கி என்ன பண்றது. திருவாரூர்ல அஞ்சு முகம் இருக்கிற பஞ்சமுக வாத்தியம் இருக்கு, அந்தச் சத்தத்தை அந்தக் கோயில் கல்லு மண்டபத்துக்குள்ள வச்சுத்தான் எடுக்கணும், வேற எங்க எடுத்தாலும் பாதிதான். லீட்ஸ்ல அந்தச் சாப்பாட்டுக் கூடத்துல 2006ல ஒரு நீலப் பலகை வச்சாங்க, இந்தக் கச்சேரி இங்கதான் பதிவாச்சுன்னு, அதே குழு திரும்ப அங்க வந்து வாசிச்சுது. கீத் மூன் 1978லயும் என்ட்விசில் 2002லயும் போயிட்டாங்க, மிச்சம் ரெண்டு பேரும் வந்தாங்க. ஒரு ராத்திரி கச்சேரிக்கு அந்த ஊரு இவ்வளவு மரியாதை பண்ணுது.

பழைய கேசட்டு விஷயமும் அவசரம். எங்க பக்கத்துல எத்தனையோ வித்வான்கள் வீட்டுல, கேட்டு ரசிச்சவங்க வீட்டுல, பரண் மேல டேப்பு கெடக்கு. நம்ம ஈரக் காத்துக்கு டேப்புல வெள்ளையா பூஞ்சை பூத்துடும். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி பக்கம் கூரை போன வீடுகள்ல என்னென்ன நனைஞ்சு போச்சோ, நான் அங்க செட்டும் ஜெனரேட்டரும் எடுத்துட்டுப் போனப்ப ஒரு நாயனக்காரர் வீட்டு வாசல்ல கேசட்டுங்களை வெயில்ல காய வச்சிருந்தாங்க, டேப்பு சுருண்டு ஒட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. பார்த்துட்டு பேச்சே வரல. பூஞ்சை பூத்த கேசட்டை ஆசையில உடனே போட்டுப் பார்க்காதீங்க, ஹெட்டுல ஒட்டி அறுந்துடும், பிளேயரும் கெட்டு அடுத்த கேசட்டுக்கும் தொத்தும். நேரா வெயில்லயும் வைக்காதீங்க. நிழல்ல உலர்ந்த எடத்துல வச்சு, தெரிஞ்ச ஆள் கிட்ட கொடுத்து கம்ப்யூட்டர்ல ஏத்துங்க.

ஆசிரியர் ஐயா, உங்க கிட்ட கேக்குறது ரெண்டு. தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டத்துல யார் வீட்டுல திருவிழா மேளம் பதிவு பண்ணுன பழைய கேசட்டு, ஸ்பூல் டேப்பு இருக்குன்னு கேட்டு உங்க பேப்பர்ல ஒரு கட்டம் போடுங்க, வர்ற பதிலை நான் மேல சொன்ன கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ அனுப்பி வைங்க. கேசட்டைக் கம்ப்யூட்டர்ல ஏத்திக் கொடுக்க எங்க கடையில கேசட் ஓட்டுற டெக்கு இருக்கு, கூலி வேண்டாம், கேசட்டைக் கொடுத்தவங்க கிட்டயே திருப்பிக் கொடுத்துடுறேன். ரெண்டாவது, கோயில் கமிட்டிக்காரங்க இந்தக் கடிதத்தைப் படிச்சா, அடுத்த திருவிழாவுக்கு லைட்டுக்கும் வாணவேடிக்கைக்கும் ஒதுக்குறதுல ஒரு சின்னப் பங்கை மேளத்தைப் பதிவு பண்ண ஒதுக்கச் சொல்லி எழுதுங்க. எந்த ஊரா இருந்தாலும் ரெக்கார்டர் பிடிச்சுக்கிட்டு நடக்க நான் வர்றேன், எங்க பசங்களும் வருவாங்க. சாமி புறப்பாட்டுலேர்ந்து நாலு வீதியும் சுத்தி கோயிலுக்குள்ள திரும்புற வரைக்கும் நிறுத்தாம எடுக்கணும், அது ஒண்ணுதான் என் நிபந்தனை.

இப்படிக்கு,
மைக் செட் தொழில் செய்யும் வாசகர்,
குத்தாலம்.